தூக்கமும் தூக்கம் போன்றவையும்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடக்கும். கள்ளத் தூக்கம் என்று பாட்டிக்குத் தெரியும். "தூங்குற புள்ளைக்குக் காலு ஆடுமே, இது ஆடக் காணோமே" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்வாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கால் மெல்ல ஆடும். வேடிக்கையான சோதனைதான். ஆனால் 1929 வரைக்கும் உலகத்துப் பெரிய மருத்துவர்கள் கையிலும் இதைவிட மேலான சோதனை எதுவும் கிடையாது. கூப்பிட்டால் பதில் இல்லை, தொட்டால் அசைவில்லை, மூச்சு சீராக ஓடுகிறது, அப்படியானால் தூங்குகிறார். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் குடித்துவிட்டுத் திண்ணையில் விழுந்து கிடப்பவரும் தூங்குகிறார். ஆப்பரேஷன் மேசையில் கிடப்பவரும் தூங்குகிறார். ஹிப்னாடிசக்காரர் முன்னால் கண்மூடி உட்கார்ந்திருப்பவரும், சவாசனத்தில் நீட்டிப் படுத்திருப்பவரும் தூங்குகிறார்கள். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது, இந்த நால்வரில் ஒருவர்கூட ஒழுங்கான தூக்கத்தில் இல்லை என்பதுதான். தூக்கத்தை வரவழைக்க மனிதன் செய்த முயற்சிகளின் வரலாற்றில் பாதி, மயக்கத்தையும் தளர்வையும் தூக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்ட வரலாறு. அந்தக் குழப்பத்தில் உயிர்கள் போயிருக்கின்றன.

முதலில் அளவுகோல். ஜெர்மனியில் யேனா என்கிற ஊரில் ஹான்ஸ் பெர்கர் என்று ஒரு மனநல மருத்துவர். தலைக்கு மேல் மின்முனைகளை வைத்து மூளையின் மின்துடிப்பை 1924-இல் பதிவு செய்தார். அது உண்மையிலேயே மூளையிலிருந்துதான் வருகிறதா என்கிற சந்தேகம் அவருக்கே தீரவில்லை. ஐந்து வருஷம் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு 1929-இல்தான் வெளியிட்டார். இன்றைக்கு நாம் இ.இ.ஜி. என்று சொல்வது அதைத்தான்.

அந்தக் கருவியை மாட்டி, விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒருவருக்குத் தூக்கம் வருவதைக் கண்ணால் காணலாம். கண்ணை மூடியதும் நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று வரை துடிக்கிற ஆல்ஃபா அலை ஒழுங்காக ஓடும். சற்று நேரத்தில் அது உடைந்து மங்கும். மூடிய இமைக்குள் விழிகள் இடமும் வலமுமாக மெதுவாக உருளும். இந்தக் கட்டத்தில் எழுப்பினால், தூங்கவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். டிவி முன்னால் தலை தொங்கிப்போன அப்பாவின் கையிலிருந்து ரிமோட்டை எடுத்துப் பாருங்கள், "பாத்துக்கிட்டுத்தானேடா இருக்கேன்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. அதன் பிறகு ஒரு நொடி நீளத்துக்கு, நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூம்பிய சின்ன அலைக்கொத்துகள் வரத் தொடங்கும். இவை வந்துவிட்டால் ஆள் தூங்கிவிட்டார் என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் உயரமான, மெதுவான அலைகள், நொடிக்கு ஒன்று, இரண்டு என்று. அதுதான் ஆழ்ந்த தூக்கம். இரவில் வளர்ச்சி ஹார்மோன் பெருவாரியாகச் சுரப்பது முதல் சுற்று ஆழ்ந்த தூக்கத்தில்தான்.

இதற்குமேல் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்கிற ஆராய்ச்சி மாணவர், பழைய கருவி ஒன்றை எடுத்துத் தன் எட்டு வயது மகன் தலையில் மாட்டி இரவெல்லாம் பார்த்தார். ஓர் இரவுக்கு அரை மைல் நீளக் காகிதம் ஓடுமாம். நடு இரவில் பேனா முட்கள் திடீரென்று தாறுமாறாக ஆடின. பையன் விழித்துவிட்டான் என்று போய்ப் பார்த்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறான். மூளை அலை விழித்தவனுடையது மாதிரி, விழிகள் இமைக்குள் வேகமாகப் பாய்கின்றன. கருவி கெட்டுப்போயிற்று என்றுதான் முதலில் நினைத்தார். அவரும் பேராசிரியர் நாதானியல் கிளைட்மனும் 1953-இல் வெளியிட்ட அந்தக் கண்டுபிடிப்பைத்தான் இன்றைக்கு ரெம் தூக்கம் என்கிறோம். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்வார்கள். கழுத்துக்குக் கீழே தசைகள் கிட்டத்தட்டச் செயலற்றுக் கிடக்கும், கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடாமல் இருப்பதற்காக.

இந்த அடுக்கு முழுவதும் ஒரு சுற்று. சுமார் 90 நிமிஷம். ஓர் இரவில் நாலைந்து சுற்று. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியலை நெருங்க நெருங்க ரெம் அதிகம். இயற்கையான தூக்கம் என்று நான் சொல்லும்போதெல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சொல்கிறேன். வெறுமனே நினைவில்லாமல் கிடப்பது அதில் சேராது.

இப்போது அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹிப்னாடிசத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. கோவாவில் கண்டோலிம் என்ற ஊரில் 1756-இல் பிறந்த பாதிரியார், அபே ஃபாரியா. பாரிசில் 1813-இலிருந்து கூட்டம் கூட்டிச் செய்துகாட்டினார். மெஸ்மர் என்பவர் தன் உடம்பிலிருந்து ஏதோ காந்தசக்தி பாய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் மிச்சம் அது. ஃபாரியா அதை மறுத்தார். நாற்காலியில் உட்காரவைத்து, "தூங்கு" என்று ஆணையிடுவார். தூங்கவைப்பது என் சக்தி அல்ல, உட்கார்ந்திருப்பவரின் மனம்தான் என்று விளக்குவார். இருநூறு ஆண்டுக்கு முன்னால் அப்படிச் சொல்லப் பெரிய துணிச்சல் வேண்டும். பாரிஸ் அவரைக் கேலி செய்தது. இன்றைக்குப் பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஒரு பெண்ணின் முன்னால் கைகளை நீட்டி நிற்கிற மாதிரி. பின்னாளில் மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843-இல் இதற்குக் கிரேக்கத் தூக்கக் கடவுளின் பெயரை வைத்தார். வைத்த சில ஆண்டுகளிலேயே, இது தூக்கமில்லை என்று புரிந்து பெயரை மாற்றப் பார்த்தார். நடக்கவில்லை. இ.இ.ஜி. வந்த பிறகு வழக்கு தீர்ந்தது. ஹிப்னாடிச நிலையில் இருப்பவரின் மூளையில் ஓடுவது விழித்திருப்பவரின் அலைதான். அதனால் அது ஏமாற்று என்று ஆகிவிடாது. வலியைக் குறைக்க அது உதவுகிறது. தூக்கத்துக்குப் பதிலாக மட்டும் அதைச் சொல்லக் கூடாது.

அடுத்தது ரசாயனம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

குளோரல் ஹைட்ரேட் என்கிற மருந்தை லீபிக் 1832-இல் செய்தார். அது தூக்க மருந்தாக பெர்லினில் புழக்கத்துக்கு வந்தது 1869-இல். 1903-இல் எமில் ஃபிஷரும் ஃபான் மேரிங்கும் பார்பிட்டால் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து பார்பிட்யூரேட் குடும்பமே கிளைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் அந்த மாத்திரைகளில்தான் படுத்தது. தூங்கவைக்கிற அளவுக்கும் கொல்லுகிற அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு என்பது அவற்றின் குணம். நடிகை மர்லின் மன்றோ 1962-இல் இறந்தது அப்படித்தான். அதற்குச் சற்று முன்னால், ஆபத்தே இல்லாத தூக்க மருந்து என்று மேற்கு ஜெர்மனியில் 1957-இல் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. மருந்துச்சீட்டுகூடத் தேவையில்லை. கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். 1961-இல் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளர்ச்சியின்றிப் பிறந்துவிட்டன.

ஆனால் இவையெல்லாம் மருந்தின் பக்கவிளைவுக் கதைகள். குழப்பத்தின் உச்சம் வேறொன்று. 1920-களில் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யாகோப் கிளேசி, மனநோயாளிகளை நாள்கணக்கில் மருந்தால் மயக்கி வைத்துப் பார்த்தார். நல்ல தூக்கம் மனத்தைத் தேற்றும், அப்படியானால் நீண்ட தூக்கம் நன்றாகவே தேற்றும் என்கிற எண்ணம். அவர் எழுதிய 26 பேரில் மூவர் இறந்தார்கள். அதையும் தாண்டி அந்த யோசனை கடல் கடந்தது. சிட்னியில் செம்ஸ்ஃபோர்டு என்று ஒரு தனியார் மருத்துவமனை. 1960-களின் தொடக்கத்திலிருந்து 1979 வரைக்கும் ஹாரி பெய்லி என்கிற மனநல மருத்துவர் அங்கே ஆழ்தூக்கச் சிகிச்சை நடத்தினார். மனச்சோர்வா, குடியா, பதற்றமா, எதுவானாலும் பார்பிட்யூரேட் கொடுத்து வாரக்கணக்கில் கிடத்துவது. உணவு மூக்குக் குழாய் வழியாக. பலருக்கு அந்தக் கிடப்பிலேயே மின் அதிர்ச்சியும். அசையாமல் கிடக்கிற உடம்பில் நிமோனியா வரும், கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும். இதெல்லாம் எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்லுவார். 1988-இல் அமைத்த ராயல் கமிஷன் 1990-இல் கொடுத்த அறிக்கையில் 24 மரணங்களை இந்தச் சிகிச்சையின் கணக்கில் வைத்தது. பெய்லி அதற்கு முன்பே, 1985-இல், தற்கொலை செய்துகொண்டார்.

அந்த வார்டில் படுத்திருந்த யாருமே தூங்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். அது கோமா. 90 நிமிஷச் சுற்று இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. பார்பிட்யூரேட் ரெம் தூக்கத்தை அமுக்கிவிடும். பெயரில் தூக்கம் என்று இருந்ததால் குடும்பத்தார் சம்மதித்தார்கள். 'உங்கள் அம்மாவை இரண்டு வாரம் கோமாவில் போடப் போகிறேன்' என்று சொல்லியிருந்தால் எந்த மகன் கையெழுத்துப் போட்டிருப்பான்?

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். மைக்கேல் ஜாக்சன் 2009-இல் இறந்தது, தூங்குவதற்காக வீட்டிலேயே ஏற்றப்பட்ட புரோபோஃபால் என்கிற மயக்க மருந்தால். ஆப்பரேஷனுக்கு முன்னால் மயக்க மருத்துவர் "இப்ப தூங்கிடுவீங்க" என்று சொல்வது ஆறுதலுக்காக. தூங்குகிறவனைத் தட்டினால் எழுந்துவிடுவான், வயிற்றைக் கிழித்தால் எழாமல் இருப்பானா?

நம் ஊர் மெடிக்கல் ஷாப்புகளுக்கு வருவோம். அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1960-இல் வந்தது, டயசெபாம் 1963-இல் வேலியம் என்ற பெயரில் வந்தது. பார்பிட்யூரேட்டோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவோ பத்திரம், அதை மறுக்க முடியாது. அறுவைக்கு முன்பும், வலிப்புக்கும், துக்க வீட்டில் இரண்டு நாளைக்கும் நானே எழுதித் தருகிறேன். ஆனால் இவை தரும் தூக்கத்தில் ஆழ்ந்த அலை குறைகிறது. சில வாரத்தில் உடம்பு பழகிக்கொள்கிறது, அப்புறம் மாத்திரை இல்லாவிட்டால் பழைய தூக்கமும் வராது. 2014-இலிருந்து அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை எச்1 என்கிற மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டையே நாலு வருஷமாக நீட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று மட்டும்: இதைக் கேட்டுவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும். மருத்துவரைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

"ஒரு கட்டிங் போட்டாத்தான் சார் தூக்கம் வருது" என்பவர்களுக்கும் ஒரு வரி. சீக்கிரம் கண் அசரும், உண்மைதான். மது உடம்பில் கரையக் கரைய மூன்று மணிக்கு முழிப்பு வரும், பின்னிரவுத் தூக்கம் சிதறிப்போகும்.

சரி, தூக்கம் தானாக எப்படித்தான் வருகிறது? இரண்டு கணக்குகள் சேர வேண்டும். ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்கிற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத் தூக்க அழுத்தம் கூடும். காபி அந்த அடினோசின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், எனவே மாலை ஆறு மணி டிகிரி காபி பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. இரண்டாவது, உடம்பின் கடிகாரம். கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னக் கூட்டம் அதை ஓட்டுகிறது. வெளிச்சம் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. நான் சொன்ன கிளைட்மன் 1938-இல் கென்டக்கியில் மம்மத் குகைக்குள் 32 நாள் தங்கி, ஒரு நாளை 28 மணி நேரமாக்கி வாழ முடியுமா என்று பார்த்தார். கூடப்போன இளைஞர் ஒருவாறு ஒத்துக்கொண்டார். கிளைட்மனின் உடம்பு கடைசி வரை 24 மணிக் கணக்கை விடவில்லை. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் முறையை 1982-இல் எழுதியவர் சூரிச்சின் அலெக்சாண்டர் போர்பேலி. மதியம் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பவரிடம் அந்தக் கட்டுரையைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்று, உடம்புச் சூடு. தூக்கம் வர வேண்டுமானால் உள்ளுடம்பின் வெப்பம் சற்று இறங்க வேண்டும். அது இறங்குவது கைகால் தோல் வழியாக. அதனால்தான் பாதம் கதகதப்பாக இருப்பவர் சீக்கிரம் தூங்குகிறார் என்று பேசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் காட்டினார்கள். படுப்பதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளித்தால் பலன் கிடைப்பதும் இதே கணக்கில்தான். தோலுக்கு இரத்தம் வந்து சூட்டை வெளியே விடுகிறது.

மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அந்தச் சூடு எங்கே போகும்? இங்கேதான் சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் நடத்தியது, 2021-இல் வெளியானது. குறைந்த வருமானம் உள்ள 452 பேருக்கு ஒரு மாதம் தட்டச்சு வேலை கொடுத்து, மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடக்கிறார்கள், தூங்குவது ஐந்தரை மணி நேரம். புழுக்கம், கொசு, வண்டிச் சத்தம், ஒரே அறையில் பல பேர். இதைச் சரிசெய்ய மெத்தை, ஃபேன், காதடைப்பான், கண்பட்டை எல்லாம் கொடுத்து, தூங்குவதற்கு ஊக்கமும் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிஷம் கூடியது. வேலைத்திறன், மனநிலை, முடிவெடுக்கும் திறன் எல்லாம் ஏறும் என்று நிபுணர்கள் எதிர்பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் ஏறவில்லை. ஆனால் இன்னொரு குழுவுக்கு வேலை இடத்திலேயே, சத்தமில்லாத தடுப்பறையில், மதியம் அரை மணி நேரம் படுக்க இடம் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குக் கவனம் கூடியது, மனம் தெளிந்தது, செய்கிற வேலையின் வேகம் கூடியது. அந்த அரை மணியையும் வேலைக்கே செலவிட்டவர்களைவிடக் கூலி மட்டும் குறைந்தது, அதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

இதை நான் வாசிக்கிற விதம் இது: இரவில் கூடுதலாகக் கிடைத்த 27 நிமிஷமும் அதே உடைந்த தூக்கம்தான். படுக்கையில் அதிக நேரம் கிடக்க வைத்தார்களே தவிர, தூக்கத்தின் தரம் மாறவில்லை. மதியத்தில் கிடைத்தது குறைவு, ஆனால் அமைதியில் கிடைத்தது. ஆய்வாளர்கள் இவ்வளவு திட்டமாகச் சொல்லவில்லை, இது என் அபிப்பிராயம். தூக்க ஒழுக்கம் பற்றி எழுதுகிறவர்கள் 'படுக்கையறையை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். படுக்கையறை என்று ஒன்று இருந்தால் அல்லவா வைத்துக்கொள்வதற்கு?

வெளியிலிருந்து செய்கிற வித்தைகளில் இ.இ.ஜி. பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியது எது தெரியுமா? ஆட்டுவது. அம்மாவின் பழைய நூல்புடவையை உத்திரத்தில் கட்டி, முகத்தில் துணி மூடாமல் இருக்க நடுவில் ஒரு கம்பைக் கொடுத்து, கால் விரலில் கயிற்றை மாட்டி இழுத்துக்கொண்டே கீரை ஆய்ந்தார்களே, அதுதான். ஜெனீவா ஆய்வாளர்கள் 2011-இல் பன்னிரண்டு ஆண்களை நாலு நொடிக்கு ஒரு முறை போய்வருகிற கட்டிலில் மதியம் முக்கால் மணி நேரம் படுக்கவைத்தார்கள். அசையாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள், அந்தச் சின்ன அலைக்கொத்துகளும் மெது அலைகளும் கூடின. 2019-இல் இரவு முழுக்க ஆட்டிப் பார்த்தார்கள். ஆழ்ந்த தூக்கம் கூடி, காலையில் நினைவுச் சோதனையிலும் மேலாக வந்தார்கள். அதே சமயத்தில் எலிகளிலும் செய்து பார்த்தார்கள். உட்காதில் சமநிலை உணர்த்தும் சின்னக் கற்கள் இல்லாமல் பிறந்த எலிகளை எவ்வளவு ஆட்டினாலும் பலன் இல்லை. ஆக, தூளியின் வேலை காதுக்குள்ளே நடக்கிறது. தாலாட்டு பாடாத வீட்டிலும் பிள்ளை தூங்கியதற்கு அதுவே காரணம்.

இனி தளர்வு. இதற்கு உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். வலது கையை நாற்காலிக் கையிலோ மடியிலோ வையுங்கள். முழங்கை அசையாமல், மணிக்கட்டை மட்டும் மேல்நோக்கி மடக்குங்கள். விரல்கள் கூரையைப் பார்க்கட்டும். அப்படியே பிடியுங்கள். மணிக்கட்டில் தோல் இழுபடுவதைச் சொல்லவில்லை, முன்கையின் மேல்பக்கத்தில் மெல்லியதாக ஓர் இறுக்கம் தெரிகிறதா? அது வலியில்லை, மங்கலான உணர்ச்சி. ஒரு நிமிஷம் அதைக் கவனியுங்கள். இப்போது விடுங்கள். கையைக் கீழே வைக்காதீர்கள், வைப்பதும் ஒரு வேலை. விட்டுவிடுங்கள், அது தானாக விழட்டும்.

பாதிப் பேர் கையைப் பத்திரமாக இறக்கி வைத்தீர்கள், பார்த்தேன். எட்மண்ட் ஜேக்கப்சனும் அதைத்தான் பார்த்தார். சிகாகோவில் இருந்த மருத்துவர். 1929-இல் படிப்படியான தசைத்தளர்வு பற்றிப் புத்தகம் எழுதினார். தளர்வது என்பது செய்கிற காரியமில்லை, செய்துகொண்டிருப்பதை நிறுத்துவது என்பார். ஒரு தசைக்கூட்டத்துக்கே பல நாள் எடுத்துக்கொள்வார், முழு உடம்புக்கும் மாதக்கணக்கில். இன்றைக்கு செல்போனில் பத்து நிமிஷ ஒலிப்பதிவாகச் சுருங்கிவிட்டது. கொஞ்சம் பலன் அதிலும் உண்டு. 1932-இல் பெர்லினில் ஷுல்ட்ஸ் இன்னொரு முறை கொண்டுவந்தார், கை கனக்கிறது, கை சூடாகிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வது. குடும்பம் ஒன்றுதான்.

நம் பக்கத்தில் சவாசனம் இருக்கிறது, ஹடயோகப் பிரதீபிகை அதைச் சொல்கிறது. பீகாரின் முங்கேரில் சுவாமி சத்தியானந்த சரஸ்வதி யோக நித்திரை என்று ஒரு முறையை அமைத்தார், 1976-இல் நூலாகவும் வந்தது. படுத்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி உடம்பின் ஒவ்வோர் உறுப்பிலும் கவனத்தை வேகமாக நடத்திக்கொண்டு போவது. நடத்துகிறவர் முதலிலேயே, தூங்கிவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறார். யோக நித்திரை வகுப்பில் குறட்டை விட்டவர், நல்ல பலன் என்று சொல்லிக்கொண்டு வருவது எனக்கு வேடிக்கையாக இருக்கும். அவருக்குத் தேவைப்பட்டது தூக்கம், அதை எடுத்துக்கொண்டார், நல்லதே. யோக நித்திரை அவர் இன்னும் செய்யவில்லை. நாற்பத்தைந்து நிமிஷ யோக நித்திரை நாலு மணித் தூக்கத்துக்குச் சமம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கிற வேலையை அது எப்படிச் செய்யும்? ஒரு மருத்துவனாக அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் தளர்வுக்கு என்ன பயன்? தூக்கமாக இல்லாமலேயே அதற்கு நல்ல பயன் உண்டு. பம்பாய் இதய மருத்துவர் கே. கே. தாத்தே 1969-இல் இரத்தக்கொதிப்பு உள்ள 47 பேருக்குச் சவாசனம் கற்றுக்கொடுத்து, அழுத்தம் இறங்குவதைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் சந்திரா படேல் என்கிற மருத்துவர் ஒப்பீட்டுக் குழு வைத்து அதே பாதையில் மேலும் சென்றார். தளர்வுக்கு அதன் சொந்த மரியாதையே போதும். தூக்கத்தின் பதிலாளாக அதை வேலைக்கு வைப்பது அதற்கும் அநியாயம், நமக்கும் நஷ்டம்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு, அதாவது வாரம் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெடுகிறவர்களுக்கு, முதலில் மாத்திரை வேண்டாம், பழக்கத்தை மாற்றும் சிகிச்சையே முதல் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வழிகாட்டியது. அதில் இரண்டு கூறுகள் முக்கியமானவை. 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் சொன்னது: தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து போ, தூக்கம் வந்தால் மட்டும் திரும்பி வா. படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தால், படுக்கை என்றாலே புரளும் இடம் என்று மூளை கற்றுக்கொண்டுவிடும். 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் சொன்னது இன்னும் கடுமை: ஐந்தரை மணி நேரம் தூங்குகிறாயா, ஐந்தரை மணி நேரமே படு. தூக்கம் கெட்டியான பிறகு, கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டு. முதல் இரண்டு வாரம் என்னைத் திட்டாத நோயாளி இல்லை. ஓட்டுநர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் இதை மேற்பார்வை இல்லாமல் சொல்லக் கூடாது.

பூட்சின் சொன்னதில் பாதி நம் வீடுகளில் பாய் இருந்தவரை தானாக நடந்தது. இரவு விரிப்பது, விடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்துவது. பாயில் உட்கார்ந்து யாரும் மாதாந்திரக் கணக்குப் பார்க்கவில்லை, போன் நோண்டவில்லை. கட்டில் வந்து, அதுவே சோபாவும் சாப்பாட்டு மேசையும் ஆன பிறகு, அதில் படுத்தால் தூக்கம் வரவில்லை என்கிறோம். பாய்க்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை, எனக்கே முதுகு ஒத்துழைக்காது. கட்டிலில் உட்கார்ந்து மின்கட்டணம் கட்டாமல் இருக்கலாமே.

கடைசியாக ஒன்று, இது தலைப்புக்கு வெளியே போவது போலத் தோன்றும். "அவருக்கென்ன, படுத்தா குறட்டைதான், கொடுத்து வைச்சவர்" என்று பெருமூச்சு விடும் வீட்டம்மாக்கள் நிறைய. இதுவும் அதே பழைய குழப்பம். சத்தமான குறட்டை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமில்லை. தொண்டை அடைத்து, பத்து நொடி, இருபது நொடி மூச்சே நின்று, மூளை பதறி எழுப்பி, திணறலோடு மறுபடி மூச்சு வந்து, இப்படி மணிக்கு முப்பது முறைக்கு மேல் நடக்கிறவர்கள் உண்டு. அவருக்கு எதுவும் நினைவிருக்காது. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூங்கி விழுவது, ஏறிக்கொண்டே போகிற இரத்தக்கொதிப்பு. சிட்னியிலேயே, செம்ஸ்ஃபோர்டில் அந்தச் சிகிச்சை நின்ற கையோடு என்று சொல்லலாம், காலின் சல்லிவன் என்கிற மருத்துவர் தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரை வைத்து மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, அடைக்கிற தொண்டையைத் திறந்து வைத்தார். 1981-இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் பல வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒழுங்காகத் தூங்கினார்கள். அந்தக் கருவி இன்றைக்கு சிபாப் என்ற பெயரில் நம் ஊரிலும் கிடைக்கிறது.

இப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும், ராத்திரி சரியாகத் தூக்கமில்லை டாக்டர், ஒரு மாத்திரை கொடுங்கள் என்று வருகிறார்கள். கொடுத்தால் தொண்டைத் தசை இன்னும் தளரும், மூச்சு இன்னும் நீளமாக நிற்கும். அதனால் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்றுதான். அடுத்த முறை வரும்போது அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முடியாவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் கிடக்கிற கோலத்தை இரண்டு நிமிஷம் அவர் போனில் எடுத்து அனுப்பட்டும். அதைப் பார்த்துவிட்டு மாத்திரையைப் பற்றிப் பேசுவோம்.